விதை நடந்த வழி – 17: கதிர் பட்ட மிளகாய்

சென்ற பகுதியில் மிளகாய் கடல் கடந்து நம் கரைக்கு வந்த கதையைப் பார்த்தோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடி, போர்ச்சுக்கீசியரின் கப்பலில் மேற்குக் கடற்கரையில் வந்திறங்கி, சில தலைமுறைகளுக்குள் சாத்தூர் வட்டாரத்துக் கரிசலுக்கும் ராமநாதபுரத்து மானாவாரிக்கும் பழகிக்கொண்டது. சம்பா என்றும் குண்டு என்றும் முண்டு என்றும் ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். அதுவரை விதையைத் தேர்ந்தவர்கள் உழவர்கள்தான். களத்தில் காயும் பழத்தில் நிறமும் திரட்சியும் பார்த்து, நல்லதை ஒதுக்கி வைத்து, அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தேர்வு ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது.

1940-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. சர் சி. வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் தென்னிந்திய மிளகாயைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் டி. எஸ். ராகவனும் கே. ஆர். வெங்கடசுப்பனும். பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் பக்கத்து மிளகாய் ரகங்களின் விவரம், அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை, எக்ஸ் கதிர் கொடுத்துப் பெற்ற செடிகளின் செல் அமைப்பு ஆகிய மூன்றும் அந்தக் கட்டுரையின் பொருள்.

சமையலறைப் பொருளான மிளகாய்க்கு எக்ஸ் கதிர் எதற்கு? அதற்கு விடை தேட நாற்பது ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

இரட்டித்த செடி

ஹாலந்து நாட்டுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ், ஹில்வர்சம் ஊருக்கு அருகே ஒரு தரிசு நிலத்தில் ஈனோதீரா என்ற மஞ்சள் பூச்செடிகளைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். தாய்ச் செடியைப் போல் இல்லாத பிள்ளைச் செடிகள் திடீரென்று முளைப்பதைக் கண்டார். அவற்றில் ஒன்று தடித்த தண்டும் பெரிய பூவுமாக ஓங்கி வளர்ந்தது. அதற்கு அவர் 'கைகாஸ்', அதாவது ராட்சதச் செடி, என்று பெயர் சூட்டினார். இத்தகைய மாற்றங்களைத்தான் சடுதிமாற்றம் என்றார்.

அந்த ராட்சதச் செடியின் ரகசியத்தை 1907-இல் வெளிக்கொண்டு வந்தவர் ஆன் லட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. சாதாரண ஈனோதீராவின் செல்லில் 14 குரோமோசோம்கள் இருந்தன. ராட்சதச் செடியில் 28 இருந்தன. தாய்வழி ஒரு தொகுதி, தந்தைவழி ஒரு தொகுதி என்று இரண்டு தொகுதிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு தொகுதிகள் வந்து சேர்ந்திருந்தன. தொகுதிகள் இப்படிப் பெருகுவதைப் பன்மடியம் என்கிறோம். இரண்டு தொகுதி இருந்தால் இருமடியம், நான்கு இருந்தால் நான்மடியம்.

அதன்பின் ஆய்வாளர்கள் பயிர்களின் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கினார்கள். ரொட்டிக் கோதுமையில் 42; அதில் ஆறு தொகுதிகள் இருக்கின்றன. மிளகாயின் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். கத்தரி, தக்காளி, ஊமத்தை, மிளகாய் ஆகிய நான்குக்கும் 24. உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் 48. மனிதன் பெரிதாக நம்பியிருக்கும் பயிர்கள் பலவற்றில் இயற்கையே தொகுதிகளைப் பெருக்கி வைத்திருந்தது. இயற்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்ததை நாம் ஒரே பருவத்தில் செய்ய முடியாதா என்ற ஆசை அங்கே பிறந்தது.

டி விரீஸ் 1904-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஓர் ஆய்வு நிலையத்தைத் திறந்து வைத்துப் பேசும்போது, ராண்ட்ஜனின் கதிரையும் கியூரியின் கதிரையும் கொண்டு பரம்பரைத் துகள்களை மாற்ற முயலலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஊமத்தையும் வாற்கோதுமையும்

முதலில் களத்தில் இறங்கியது ரேடியம். நியூயார்க் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புள்ள ஸ்டூவர்ட் கேகர் என்பவர் ரேடியக் கதிர் செடிகளை என்ன செய்கிறது என்று 1908-இலேயே ஒரு நூல் எழுதினார். பின்னர் அவரும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் சேர்ந்து ஊமத்தைச் செடிக்கு ரேடியக் கதிர் கொடுத்தார்கள். கதிர் பட்ட செடிகளின் வாரிசுகளில் குரோமோசோம் எண்ணிக்கை மாறியவையும், ஜீன் மாறியவையும் இருந்தன. 1927-இன் தொடக்கத்தில் இதை வெளியிட்டார்கள். ஊமத்தை மிளகாயின் நெருங்கிய உறவு என்பதால் இந்தத் தொடருக்கு அது முக்கியமான செய்தி.

அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களில் எக்ஸ் கதிர் சடுதிமாற்றத்தை நூற்றைம்பது மடங்கு வரை பெருக்குகிறது என்று அறிவித்தார். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான். அவரிடமிருந்து தனியாக, மிசௌரி பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஸ்டாட்லர் வாற்கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் அதே முடிவுக்கு வந்தார். ஸ்டாட்லரின் கட்டுரை 1928-இல் வந்தது. முந்திய புகழ் முல்லருக்குப் போனாலும், பயிர் வளர்ப்போருக்கு வழி காட்டியவர் ஸ்டாட்லர்.

1929-இல் அவர் வெளியிட்ட இன்னொரு முடிவு நம் கதைக்கு அச்சாணி. ஓட்ஸ் வகைகளில் இருமடியமும் உண்டு, ஆறு தொகுதி கொண்டதும் உண்டு. கோதுமையிலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் அவர் கதிர் கொடுத்துப் பார்த்தார். இருமடியத்தில் சடுதிமாற்றங்கள் தாராளமாகத் தென்பட்டன. நான்மடியத்தில் குறைந்தன. ஆறு தொகுதி உள்ளவற்றில் கண்ணில் படவே இல்லை. கதிர் அங்கேயும் ஜீன்களைக் கெடுத்துத்தான் இருக்கும். ஆனால் ஒரு சாவி தொலைந்தால் வீட்டில் மாற்றுச் சாவி இருப்பதுபோல, கெட்டுப்போன ஜீனின் வேலையை அதே ஜீனின் மற்றப் பிரதிகள் செய்துவிடுகின்றன. மாற்றம் உள்ளே நடந்தும் வெளியே தெரிவதில்லை.

தொகுதியைப் பெருக்க வேண்டும், கதிரால் புதிய குணங்களையும் பெற வேண்டும் என்று இரண்டு ஆசைகளோடு புறப்பட்டவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. முதல் ஆசை நிறைவேறினால் இரண்டாவது கைகூடுவது கடினமாகும்.

பன்னிரண்டு சோடி

ஒரு மிளகாய்ச் செடிக்குக் கதிர் என்ன செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த நாளில் அதற்கு இருந்த முக்கியமான வழி, மொக்கைப் பிளந்து பார்ப்பது. பிளேக்ஸ்லீயோடு பணியாற்றிய ஜான் பெல்லிங் 1921-இல் அதற்கு ஓர் எளிய முறையை வகுத்துக் கொடுத்தார். உலகமெங்கும் தாவரவியல் மாணவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள்.

காலை வேளையில் மிக இளம் மொக்குகளைப் பறிப்பார்கள். சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் போட்டால் செல்கள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு ஊசியால் மொக்கைப் பிரித்து ஒரேயொரு மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு, இரும்பு ஊசியால் நசுக்குவார்கள். ஊசியிலிருந்து கசியும் இரும்பு சாயத்தை இன்னும் ஆழமாக்கும். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, விளக்குச் சுடரின் மேல் லேசாகக் காட்டி, கட்டைவிரலால் அழுத்துவார்கள். மொக்கு சரியான பருவத்தில் இருந்தால், நுண்ணோக்கியில் மகரந்தத் தாய்ச் செல்லுக்குள் செந்நிறப் புள்ளிகளாகக் குரோமோசோம்கள் சோடி சோடியாக நிற்பது தெரியும். மிளகாயில் பன்னிரண்டு சோடி. மொக்கு ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் எதுவும் தெரியாது. அடுத்த மொக்கை எடுக்க வேண்டியதுதான்.

கதிர் பட்ட செடியில் இந்தப் படம் கலைந்து காணப்படும். கதிரின் ஆற்றல் குரோமோசோம் இழைகளை அறுக்கிறது. அறுந்த முனைகள் மறுபடி ஒட்டும்போது இடம் மாறி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு துண்டு ஒட்டாமலே தொலைந்துபோகலாம். அப்போது இரண்டிரண்டாக நிற்க வேண்டியவை நான்காகக் கோத்து வளையமாக நிற்கும். சில துணையின்றித் தனித்து நிற்கும்.

அரிதாக இன்னொன்றும் நடக்கும். குரோமோசோம்கள் இரட்டித்த பிறகு அவற்றை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பவை கதிர்கோல் இழைகள். கதிர்வீச்சின் பாதிப்பில் அந்தப் பிரிவினை நடக்காமல் போனால், 24 இருந்த செல்லில் 48 தங்கிவிடும். அந்தச் செல்லிலிருந்து ஒரு கிளை வளர்ந்தால் அந்தக் கிளை முழுவதும் நான்மடியம். கதிர்வீச்சால் பன்மடியம் உண்டாகும் வழிகளில் இது ஒன்று. பிரியாத 24-உடன் ஒரு மகரந்தத் துகளோ சூல் செல்லோ உருவாகி, அது விதையானாலும் தொகுதி கூடும்.

ஆனால் இது கைக்கு அடங்காத வழி. எந்த விதையில், எந்தச் செல்லில் நடக்கும் என்று சொல்ல முடியாது. இரட்டிக்கும் செல்லிலேயே உடைப்பும் சேர்ந்து நிகழலாம். ஆயிரம் விதைக்குக் கதிர் கொடுத்தால் பல முளைக்காது, முளைத்தவற்றில் பல சோகையாகும், மிஞ்சியவற்றில் எங்கோ ஒன்று இரட்டித்திருக்கும். இரட்டிப்பை மட்டும் தரும் வேறொரு கருவி தேவைப்பட்டது.

செங்காந்தளின் நஞ்சு

அந்தக் கருவி 1937-இல் கிடைத்தது. ஊமத்தையில் ரேடியம் பரிசோதித்த அதே பிளேக்ஸ்லீயும் அவருடைய துணைவர் ஏமஸ் ஏவரியும் கால்ச்சிசின் என்ற நஞ்சை விதையிலும் தளிரிலும் இட்டார்கள். கீல்வாதத்துக்கு மருந்தாக வெகுகாலம் வழங்கிவந்த பொருள் அது. கதிர்கோல் இழைகள் உருவாகாமல் கால்ச்சிசின் தடுத்துவிடுகிறது. குரோமோசோம்கள் இரட்டிக்கின்றன, செல் பிரிவதில்லை. மருந்தை நீக்கியதும் அந்தச் செல் இரட்டைத் தொகுதியோடு வழக்கம்போல் வளர்கிறது. உடைப்பு, ஊனம் எதுவுமில்லாமல் இரட்டிப்பு மட்டும் நடக்கிறது.

ஐரோப்பாவில் அந்த நஞ்சை இலையுதிர்காலத்தில் பூக்கும் ஒரு குமிழ்ச் செடியிலிருந்து எடுத்தார்கள். நம் செங்காந்தளிலும் அதே கால்ச்சிசின் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான அதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து உழவர்கள் பந்தலிட்டு வளர்த்து, விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்பதற்குக் காரணமே இந்தப் பொருள்தான்.

பிளேக்ஸ்லீயின் செய்தி வந்து இரண்டே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து மிளகாய் முன்னே வந்தது. 1939-இல் 'நேச்சர்' இதழில் பி. பி. பாலும் எஸ். ராமானுஜமும் கால்ச்சிசினால் மிளகாயில் பன்மடியம் உண்டாக்கியதை எழுதினார்கள். இருவரும் டெல்லியில் இருந்த இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த அந்த நிலையம் 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்ததால் டெல்லிக்கு மாறி வந்த புதிது. பெஞ்சமின் பியரி பால் பின்னாளில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். 1941-இல் தொடங்கிய இந்திய மரபியல், பயிர் வளர்ப்பு ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே நான்மடிய மிளகாயைப் பற்றிய விரிவான கட்டுரை இடம்பெற்றது.

ஆக, நாற்பதுகளின் வாசலில் மிளகாய்க்கு இரண்டு கருவிகளும் இந்தியாவிலேயே வந்து சேர்ந்துவிட்டன. டெல்லியில் கால்ச்சிசின், அண்ணாமலைநகரில் எக்ஸ் கதிர். அடிமை நாட்டில், போர்க்காலத்தில், குறைந்த வசதியோடு நம்மவர்கள் உலகத்தோடு ஒட்டி நடந்தார்கள் என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி.

பெரிதானது காய்க்கவில்லை

48 குரோமோசோம் கொண்ட மிளகாய்ச் செடியை இருமடியத்தின் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பார்த்த மாத்திரத்தில் தெரியும். இலை தடித்து, அகன்று, கரும்பச்சையாக இருக்கும். பூ பெரிதாக இருக்கும். இலையின் அடிப்பக்கத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்துளைகள் பெருத்திருக்கும். மகரந்தத் துகளும் பெருத்திருக்கும்.

காய்ப்புக்கு வந்தால் கதை மாறும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரேயொரு துணை இருக்கும்போது மகரந்தத்துக்கும் சூலுக்கும் ஆளுக்குப் பாதியாகச் சமமாகப் பிரிவது எளிது. ஒரே மாதிரி நான்கு இருந்தால் யாருக்கு யார் துணை என்ற குழப்பம் வருகிறது. நான்கும் சேர்ந்து நிற்கும், மூன்றாகவும் ஒன்றாகவும் நிற்கும், பிரியும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். அப்படிப் பிறக்கும் மகரந்தத்தில் பெரும்பங்கு பதராகிறது. பழத்துக்குள் விதை குறைகிறது.

உருளைக்கிழங்கும் நான்மடியம்தானே, அது எப்படிச் செழிக்கிறது என்று கேட்கலாம். உருளையைக் கிழங்கை நட்டுப் பயிரிடுகிறோம். விதை குறைந்தாலும் உழவருக்கு நட்டமில்லை. ஜப்பானில் ஹிட்டோஷி கிஹாரா மூன்று தொகுதி கொண்ட தர்ப்பூசணியை உருவாக்கியபோது விதையில்லாமையே அதன் சிறப்பாகிவிட்டது. மிளகாய் இரண்டிலும் சேராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் விதை போட்டுத்தான் நாற்று விட வேண்டும். வற்றலின் எடையில் விதைக்கும் கணிசமான பங்கு உண்டு. விதை குறைந்த மிளகாயை வியாபாரியும் விரும்பமாட்டார், நாற்றங்காலும் தாங்காது.

காடுகளில் வளரும் மிளகாய் இனங்களைப் பார்த்தாலும் இதே பாடம்தான். ஏறத்தாழ எல்லாம் 24 அல்லது 26 குரோமோசோமோடு இருமடியமாகவே நிற்கின்றன. இந்தச் செடியின் பேரினம் இரட்டிப்பை ஏற்றுக்கொண்டதல்ல. ராட்சத மிளகாய் என்ற கனவு இங்கே முடிந்தது. நான்மடிய மிளகாய் சந்தையில் இடம்பிடிக்கவே இல்லை.

காமா தந்த கொத்து

கதிர்வீச்சு மட்டும் வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. போருக்குப் பின் அணு உலைகளிலிருந்து கோபால்ட்-60 கிடைக்கத் தொடங்கியது. அது உமிழும் காமா கதிரை அளந்து கொடுக்க முடியும். டெல்லி ஆராய்ச்சி நிலையத்தில் காமாத் தோட்டம் அமைந்தது. கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதன் அங்கே கோதுமைக்குக் கதிர் கொடுத்து, மெக்சிகோவின் சிவப்பு மணிக் கோதுமையை நம் மக்கள் விரும்பும் பொன்னிற மணியாக்கினார். 1967-இல் வந்த ஷர்பதி சோனோரா அதுதான்.

மிளகாயில் முறை இப்படி. நன்கு உலர்ந்த விதையைக் கதிர் அறையில் வைப்பார்கள். பாதி விதையாவது பிழைக்கும் அளவு எது என்று முதலில் சோதித்து அதையொட்டி அளவு வைப்பார்கள். முதல் தலைமுறையில் பெரிய அதிசயம் எதுவும் தெரியாது. விதைக்குள் இருக்கும் கருவில் பல செல்கள் உண்டு. கதிர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தாக்கியிருக்கும். மாறிய ஜீன் பெரும்பாலும் ஒடுங்கு ஜீன் என்பதால் நல்ல துணை ஜீன் அதை மறைத்து நிற்கும். அதனால் செடிக்குச் செடி தனியாகப் பழம் பறித்து, தனித்தனி வரிசையாக விதைக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில்தான் மறைந்திருந்தவை வெளிவரும். பல்லாயிரம் செடிகளுக்கு இடையே நடந்து, வித்தியாசமான ஒன்றைக் கண்டுபிடிப்பது மனிதக் கண்ணின் வேலை. வெளுத்த செடி, குட்டைச் செடி, பூக்காத செடி என்று பயனற்றவையே மிகுதியாக வரும்.

பல்கேரியாவில் தஸ்கலோவ் என்ற ஆய்வாளர் அறுபதுகளின் பிற்பகுதியில் இப்படிக் கதிர் கொடுத்த குடமிளகாயில் மகரந்தமே இல்லாத செடிகளைப் பிரித்தெடுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஊனம். வீரிய ஒட்டு விதை தயாரிப்போருக்கோ அது வரம். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறும். ஒட்டு விதை வேண்டுமானால், மறுநாள் மலரப்போகும் மொக்கை முந்திய மாலையே விரித்து, நீலம் பாய்ந்த ஐந்தாறு மகரந்தப்பைகளையும் சாமணத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். ஒன்று தப்பினாலும் கலப்பாகிவிடும். சூலகத்தைக் கீறிவிட்டால் பூ உதிர்ந்துவிடும். மறுநாள் காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். அத்தனை பாட்டுக்கும் ஒரு பழத்தில் கிடைப்பது சில பத்து விதைகள். மகரந்தமற்ற செடியில் கிள்ளும் வேலையே இல்லை. வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தத்தோடு பிறக்கும் என்பதால் பூக்கும்போது அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். அது மட்டும்தான் சிரமம்.

தமிழ்நாட்டில் காமா கதிர் தந்த பரிசு மதுரை வேளாண் கல்லூரியிலிருந்து வந்தது. கோவில்பட்டியில் அசாம் வகை ஒன்றிலிருந்து தனிவழித் தேர்வாக எடுத்த கே 1 என்ற ரகத்துக்கு மதுரையில் காமா கதிர் கொடுத்தார்கள். வாரிசுகளில் ஒரு செடி அடக்கமாக வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பழம் நீண்டு, ஆழ்ந்த சிவப்பாகவும் நல்ல காரமாகவும் இருந்தது. அதுவே எம்.டி.யு. 1 என்ற பெயரில் 1976-இல் வெளியான மிளகாய். செடி பெருக்கவில்லை, சுருங்கியது. குரோமோசோமை இரட்டிக்கும் வேலை எதுவும் இதில் இல்லை. இருமடியத்துக்குள்ளேயே கிடைத்த மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கதிர் பட்ட விதையிலிருந்து வந்த மிளகாயை உண்ணலாமா என்று இன்றும் சிலர் அஞ்சுகிறார்கள். காமா கதிர் விதைக்குள் ஊடுருவிப் போய்விடுகிறது. விதை கதிரியக்கம் பெறுவதில்லை. அதன் பேரப்பிள்ளைச் செடியில் காய்த்த மிளகாயில் கதிர் எதுவும் இல்லை. இந்த முறையில் பிறந்த பயிர் ரகங்கள் வியன்னாவில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையின் பதிவேட்டில் மட்டும் 3,000-க்கும் மேல் இருக்கின்றன.

பாதியை முழுதாக்கியவர்கள்

கால்ச்சிசின் என்ன ஆயிற்று? அதற்குச் சரியான வேலை கிடைக்கக் காலம் பிடித்தது.

பிளேக்ஸ்லீ குழுவினர் 1922-இலேயே 12 குரோமோசோம் மட்டும் கொண்ட ஊமத்தை ஒன்றைக் கண்டிருந்தார்கள். ஒரே தொகுதியோடு வாழும் ஒருமடியச் செடி. மிளகாயில் இதை நாற்றங்காலிலேயே பார்க்க முடிந்தது. மிளகாய் விதை அபூர்வமாக ஒன்றுக்கு இரண்டு நாற்று விடும். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டென்சனும் பாம்ஃபோர்டும் அப்படிப்பட்ட இரட்டை நாற்றுகளைச் சோதித்து, அவற்றில் ஒருமடியங்கள் இருப்பதை 1943-இல் எழுதினார்கள். ஆனால் அபூர்வத்தை நம்பிப் பயிர் வளர்க்க முடியாது.

1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையைச் சத்துக்கூழில் வளர்த்தார்கள். பைக்குள்ளிருந்து சிறு கருக்கள் வெளிவந்தன. மகரந்தமே, கருவுறாமல், முழுச் செடியாக முளைத்தது. உலகத் தாவரவியலைத் திருப்பிப் போட்ட கண்டுபிடிப்பு அது. 1973-இல் எல். ஜார்ஜும் எஸ். நாராயணசாமியும் மிளகாயிலும் அதைச் செய்து காட்டினார்கள். 1981-இல் பிரான்சின் மோன்ஃபாவே ஊரில் துமா தெ வோ, ஷாம்போனே, பொஷார் ஆகியோர், மகரந்தப்பைகளை முதல் எட்டு நாள் இருட்டில் 35 டிகிரி வெப்பத்தில் வைத்தால் செடிகள் மிகுதியாகக் கிடைப்பதைக் கண்டார்கள்.

இப்படிக் கிடைக்கும் 12 குரோமோசோம் செடி மலடு. அதன்மேல் கால்ச்சிசின் இட்டால் 12 என்பது 24 ஆகிறது. இரண்டு தொகுதிகளும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் அதன் வாரிசுகள் எல்லாம் ஒரே குணத்தோடு வரும். தன்மகரந்தச் சேர்க்கையால் ஆறேழு தலைமுறை காத்திருந்து பெறும் தூய வழி ஒரே படியில் கைக்கு வருகிறது. ஒளிந்திருக்கும் ஒடுங்கு ஜீன்களும் உடனே தெரிந்துவிடுகின்றன. இன்று கண்ணாடிக் கூரைக்குள் வளரும் குடமிளகாய் ரகங்கள் பலவற்றின் பெற்றோர் இந்த வழியில் பிறந்தவர்கள்.

24-ஐ 48 ஆக்கிய இரட்டிப்பு உழவருக்கு எதுவும் தரவில்லை. 12-ஐ 24 ஆக்கிய அதே இரட்டிப்பு பயிர் வளர்ப்பை விரைவாக்கியது. கதிர்வீச்சும் குரோமோசோமைப் பெருக்கியபோது பயன் தராமல், இருமடியத்துக்குள் ஒரு ஜீனை மாற்றியபோது மதுரை மிளகாயைத் தந்தது. செடியின் இயல்பு எது என்று அறிந்து அதற்குள் வேலை செய்தவர்களே வென்றார்கள். அப்படி அறிவதற்கு, தோற்றுப்போன நான்மடிய மிளகாய்ச் சோதனைகளும் தேவைப்பட்டன. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் உழவர்களிடமும் விதைப் பற்றாளர்களிடமும் வேண்டிக் கேட்கிறேன். கதிர் புதிதாக ஒரு செடியைப் படைப்பதில்லை. கையில் இருக்கும் விதையில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்கிறது, அவ்வளவே. கே 1 இல்லாமல் எம்.டி.யு. 1 இல்லை. அந்த அசாம் வகையை யாரோ விதையாகக் காத்து வைத்திராவிட்டால் கே 1-உம் இல்லை. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும். விதையை ஆண்டுதோறும் விதைத்து, தேர்ந்து, உலர்த்தி எடுத்து வைப்பவர்கள்தான் காக்க முடியும். உங்கள் ஊரில் பழைய மிளகாய் ரகம் ஏதேனும் இன்னும் நாற்றாகிறது என்றால், இந்தப் பட்டத்தில் அதன் பழங்களில் சிலவற்றை வற்றலுக்குப் போகாமல் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த பகுதியில், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கதை.

(தொடரும்)